கனடாக் கூரையும் ஒழுக்கு அண்ணனும்

மழை வந்தால் உலகத்தில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். விட்டத்தைப் பார்க்கிற ஒரே மனிதர் எங்கள் ஒழுக்கு அண்ணன்தான்.

கம்பத்தில் பள்ளி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்து, நான் தனியாக ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடியேறிய முதல் நாள். பாத்திரங்களை இன்னும் சாக்கிலிருந்து எடுக்கவில்லை. எதிர் வீட்டிலிருந்து கைலியும் கட்டம் போட்ட சட்டையுமாக ஒருவர் அழைக்காமலே உள்ளே வந்தார். வணக்கம் இல்லை, ஊர் பேர் விசாரணை இல்லை. அண்ணாந்தபடியே சமையலறை வரைக்கும் போனார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, தரையில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார்.

"டீச்சர், இதுக்குள்ள மட்டும் அடுப்பு வைக்காதீக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசி மழையில் அந்த வட்டத்துக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு இல்லை.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் 'ஒழுக்கு'. ஒழுகுகிற கூரை எதுவானாலும் அடைப்பார். ஓடு, தகரம், சிமெண்ட் அட்டை, கான்கிரீட் என்று பேதம் கிடையாது. மலையேறிக் கேரள எல்லை தாண்டி, ஏலக்காய்த் தோட்டங்களில் காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்குத் தகரக் கூரை போடுவதும் அவர்தான். "ஒழுக்கு வீடு எது?" என்று யாராவது கேட்கும்போது, வெளியூர்க்காரர்கள் 'ஏதோ ஒழுக்கமான மனுசர் போல' என்று நினைத்துக்கொள்வதுண்டு. அதிலும் தப்பில்லை.

அவருடைய பரிசோதனை முறையைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். ஒழுகுகிற தண்ணீரை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடுவார். "சுண்ணாம்பு. மொட்டைமாடித் தளம் விட்டுருச்சு" என்பார். அல்லது "துரு. ஆணி போயிருச்சு" என்பார். ஒரு வீட்டில் நாக்கில் வைத்த உடனேயே துப்பிவிட்டு, "எலி" என்றார். மேலே ஏறிப் பார்த்தார்கள். எலி குடும்பத்தோடு இருந்தது.

இவர் பெண் பார்க்கப் போன கதையை இவர் மனைவி பேச்சியக்கா சொல்லிக் கேட்க வேண்டும். வருசநாட்டுப் பக்கம் பெண் வீடு. காபி எடுத்து வருவதற்குள் மாப்பிள்ளையைக் காணோம். தேடினால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து உடைந்த ஓட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பொம்பளையும் மாப்பிள்ளை மொகத்தத்தான் மொதல்ல பாப்பாக. நான் பாத்தது ஓட்டுக்கு ஊடால தொங்குன ஒத்தக் காலு" என்பார் பேச்சியக்கா. "அப்புறம் எப்படிக்கா ஒத்துக்கிட்டீங்க?" என்றால், "காலு உறுதியாத்தான் இருந்துச்சு" என்பார்.

சுருளிப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் தெருவே வேன் பிடித்துப் போனது. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒழுக்கு அண்ணன் மேடையேறி மாப்பிள்ளையின் அப்பாவிடம், "அய்யா, பொண்ணு மாப்பிள்ளைய ரெண்டடி கெழக்க தள்ளி உக்கார வைங்க" என்றார். அவர் ஏதோ வாஸ்து என்று நினைத்துக்கொண்டு, "அதெல்லாம் எங்க ஜோசியர் பாத்துட்டாரு" என்றார். தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக வெளியே மழை பிடித்தது. மண்டபத் தகரத்தின் ஓர் ஆணி ஓட்டை வழியே வந்த தாரை, தாலியை எடுத்துக் கொடுக்க மணமக்கள் மேல் குனிந்த ஜோசியர் தலையில் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா அப்புறம் பந்தியில் ஒழுக்கு அண்ணனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் கையாலேயே இரண்டாவது ஜிலேபியும் வைத்தார்.

இந்த மனிதருக்கு ஒரே மகள். கவிதா. கெட்டிக்காரப் பெண். படித்து முடித்து, தேனிக்காரப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு கனடா போனாள். மருமகன் பிரபுவுக்கும் அவளுக்கும் கம்ப்யூட்டர் வேலை. அங்கே சொந்தமாக வீடு வாங்கிய செய்தியைப் போனில் சொன்னாள். தெருவே வாழ்த்துச் சொன்னது. அப்பா மட்டும், "ஒழுகுமா?" என்று கேட்டார்.

"அப்பா, இது கனடா. இங்க வீடெல்லாம் ஒழுகாது."

"கூரை என்ன போட்டிருக்கு?"

சொன்னாள். மரப் பலகை மேல் தார் பூசிய அட்டை. அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு பேச்சியக்காவிடம், "அட்டையாம்டி" என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் கனடா வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு பேரன் பிறந்தான். வீடியோவில் கவிதா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். பேச்சியக்கா போனையே முத்தமிட்டார். அண்ணன் எட்டிப் பார்த்து, "ஆத்தா, பிள்ளை ரூமா அது? கேமராவச் செத்த மேல தூக்கு" என்றார்.

கவிதா அன்றைக்குப் போனை வைத்தவள்தான். அதற்கப்புறம் அம்மாவின் போனுக்கு மட்டும் கூப்பிடுவாள். என்னிடம் ஒருநாள் குமுறினாள். "டீச்சர், நான் பிள்ளை பெத்துட்டு வந்து படுத்திருக்கேன். அவருக்கு என் வீட்டு உத்தரம்தான் தெரியுது. எம்பிள்ள மொகம் தெரியல." எதிர் வீட்டில் அண்ணன் தன் போனை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பதை நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தைப் பொங்கல் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், செத்த ஓடியாங்க" என்று பேச்சியக்காவின் குரல். போனால், போனுக்குள் கவிதா அழுதுகொண்டிருந்தாள். அங்கே காலை எட்டரை. பிள்ளையின் அறையில், தொட்டிலுக்கு நேர் மேலே, உள்கூரையில் பழுப்பாக ஒரு கறை படர்ந்து, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு கிண்ணம்.

ஒரு வாரமாக விடாத பனிப்பொழிவாம். கூரை மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி. கூரை வேலை செய்கிறவர்களை ஊரே கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், இரண்டு வாரம் கழித்துத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்களாம்.

'நான் அன்னைக்கே கேட்டேன்ல' என்று அண்ணன் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். பேச்சியக்காவும் அதற்குத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். அண்ணன் அதைச் சொல்லவில்லை.

"பிள்ள எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

"ஹால்ல தூங்குறான்ப்பா."

"அப்ப ஒண்ணும் அவசரமில்ல. அழுகாத. நிதானமாப் பாப்போம்."

அப்போது பின்னால் மருமகன் பிரபு கனத்த கோட்டும் கையில் சுத்தியலுமாகத் தெரிந்தான். "மாமா, கூரை ஓரத்துல ஐஸ் கட்டியாப் பிடிச்சிருக்கு. ஏணி வச்சு ஏறி உடைச்சு விட்டுர்றேன். பத்து நிமிஷ வேலை."

"மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "ஏணியில காலை வச்சீகன்னா நான் இங்கன சோறு திங்க மாட்டேன். வழுக்கி விழுந்தா என் மகளுக்கு யாரு? அது போக, ஐஸைக் குத்தி உடைச்சா என்ன ஆகும்னு எங்க வீட்டுல வந்து கேளுங்க."

அது பேச்சியக்காவுக்கு விழுந்த அடி. போன சித்திரையில், ஃபிரிட்ஜின் மேல் பெட்டியில் ஐஸ் மூடிக்கொண்டதென்று தேங்காய் கீறும் கத்தியால் குத்தியவர் அவர். கத்தி தகட்டையும் சேர்த்துக் குத்தி, கேஸ் புஸ்ஸென்று போய், ஃபிரிட்ஜ் அன்றே உயிரை விட்டது. இப்போது அதில் வெங்காயம் வைத்திருக்கிறார்கள்.

"அட்டைக் கூரைய சுத்தியலால அடிச்சீகன்னா, இன்னைக்கு ஒரு ஓட்டை, நாளைக்கு ஒம்பது" என்றார் அண்ணன். "கிண்ணத்துத் தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க."

பிரபு கவிதாவைப் பார்த்தான். கவிதா வேறு பக்கம் பார்த்தாள். இரண்டு பட்டம் வாங்கிய பையன், மாமனார் சொல்லுக்கு மரியாதை கொடுத்து விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"என்ன ருசி?"

"ஒரு ருசியும் இல்ல மாமா."

"உங்க குழாய்த் தண்ணி எப்படி இருக்கும்?"

"லேசா மருந்து வாடை அடிக்கும்."

"அப்ப குழாய் ஒடையல. மேல இருக்குற பனிதான் உள்ள வருது. சரி, வாசலுக்குப் போய் கூரையக் காட்டுங்க."

காட்டினான். நான் வாழ்க்கையில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கூரை முழுக்க வெள்ளை. ஓரத்தில் கண்ணாடி போல ஐஸ் வரப்பு கட்டி நின்றது. அதிலிருந்து ஆள் உயரத்துக்கு ஐஸ் ஈட்டிகள் வரிசையாகத் தொங்கின. பேச்சியக்கா, "அழகாத்தான் இருக்கு" என்று சொல்லி முறைப்பு வாங்கிக்கொண்டார்.

அண்ணன் மட்டும் வேறொன்றைக் கேட்டார். "அங்கன வெயில் அடிக்குதா?"

"இல்ல மாமா. மைனஸ் பதினஞ்சு."

"வெயிலே இல்லையே. பெறகு பனி எப்படி உருகுது?"

நான் என் போனில் தேடி, ஆங்கிலத்தில் கிடைத்ததைப் படித்துத் தமிழில் சொன்னேன். வீட்டுக்குள் இருக்கும் சூடு கூரைக்குக் கசிந்தால், மேலே இருக்கும் பனி அடியில் உருகுமாம். உருகிய தண்ணீர் சரிவில் இறங்கி, குளிர்ந்து கிடக்கும் ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து வரப்பு ஆகுமாம். பின்னால் வரும் தண்ணீர் அதில் முட்டித் தேங்கி, அட்டைக்கு அடியில் புகுந்து உள்ளே சொட்டுமாம்.

அண்ணனின் முகம் மலர்ந்தது. "அணை" என்றார்.

அணை என்றால் கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாங்கள் தின்கிற சோறே அணைத் தண்ணீரில் விளைந்தது.

"மாப்பிள்ளை, நல்லாக் கேட்டுக்கோங்க. அணைய ஒடைக்கப்படாது. மதகு தொறக்கணும். அதுக்கு முன்னாடி, அணைக்கு வார வரத்தக் கொறைக்கணும். அப்புறமா, இந்தத் தண்ணி எங்கன உற்பத்தியாகுதுன்னு பாக்கணும். ஒரு நாள் டயம் குடுங்க."

சனிக்கிழமை மதியம் அண்ணன் வேலையைத் தொடங்கினார். ஓரத்துப் பனியைத் தரையில் நின்றபடியே இழுத்துத் தள்ள ஒரு கருவி வேண்டும். அங்கே கடைகளில் அது தீர்ந்துவிட்டது என்று கவிதா சொல்லியிருந்தாள். அண்ணன் களத்தில் நெல் இழுக்கிற பலகையை நினைத்துக்கொண்டார். நீளமான பிளாஸ்டிக் குழாய், அதன் முனையில் குறுக்காக ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடி. மூடியின் விளிம்பு அட்டையைச் சுரண்டிவிடக் கூடாதென்று, அடியில் சோடா பாட்டில் மூடிகளை வரிசையாகத் தைத்து, விளிம்பு ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி செய்தார்.

கருவி தயார். சோதித்துப் பார்க்கப் பனிக்கு எங்கே போவது? மாவு வேண்டாம், எறும்பு வரும். உப்பு வேண்டாம், தகரம் துருப்பிடிக்கும். அண்ணன் வீட்டுக்குள் போனார். வரும்போது தோளில் இலவம்பஞ்சு மெத்தை.

அது பேச்சியக்காவின் கல்யாணச் சீர் மெத்தை. அவர் அந்த நேரம் ரேஷன் கடையில் இருந்தார்.

மாட்டுக் கொட்டகைத் தகரத்தின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பஞ்சை விரித்துவிட்டு, அண்ணன் கீழே நின்றார். நான் போனில் வீடியோ எடுத்தேன். "கவிதா, மாப்பிள்ளை, பாத்துக்கோங்க. மொதல்ல தப்பான முறை" என்று அறிவித்துவிட்டு, பலகையை உச்சி வரைக்கும் நீட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். மொத்தப் பஞ்சும் சரிந்து அவர் மேல் விழுந்தது. சிறிது நேரம் அங்கே அண்ணன் இல்லை, பஞ்சு மட்டும்தான் இருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்படி இழுத்தா இப்படித்தான் ஆகும்."

மறுபடி ஏற்றி, சரியான முறையைச் செய்து காட்டினார். பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். ஐஸ் ஈட்டிக்குக் கீழே தலையைக் கொடுக்கக் கூடாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு அடி வரைக்கும் போதும். மேலே இருப்பதை மேலேயே விட்டுவிடலாம்.

அந்த நேரம் பார்த்து சுருளி மலைப் பக்கமிருந்து ஒரு காற்று இறங்கியது. இலவம்பஞ்சைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தெரு முழுக்க வெள்ளை. காயப்போட்ட துணி, நிறுத்தியிருந்த பைக், கட்டிப் போட்டிருந்த ஆடு எல்லாமே வெள்ளை. கம்பத்தில் பனி பெய்ததைப் பார்த்த சிலரில் நானும் ஒருத்தி. அந்தப் பனிக்கு நடுவே, அரிசிப் பையும் கையுமாகப் பேச்சியக்கா தெருமுனையில் வந்து நின்றார்.

அரிசிப் பையைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "டீச்சர், அந்தப் படத்துல இப்ப நான் பேசுறதும் பதியுமா?"

"பதியும்க்கா."

"அப்ப அத அமத்துங்க."

அமர்த்தினேன். அதற்கப்புறம் அவர் பேசியதை இந்தப் பத்திரிகையிலும் போட முடியாது.

வீடியோ கனடா போய்ச் சேர்ந்தது. அண்ணன் பஞ்சுக்குள் மறைந்த இடத்தைக் கவிதா ஏழு தடவை பார்த்துச் சிரித்தாளாம். பிரபு பெயிண்ட் அடிக்கும் நீளக் கம்பில் டப்பா மூடியைக் கட்டினான். அன்று சாயங்காலம், அவர்களுக்குக் காலையில், பணி தொடங்கியது. ஓரத்தில் நின்று இழுத்தான். பனி பொத் பொத்தென்று விழுந்தது. அரை மணி நேரத்தில் ஓரம் நெடுக நான்கு அடிக்குக் கூரை கறுப்பாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். பெயர் லிண்டா. பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தாட்டியான உடம்பு. கவிதா போனை அவர் பக்கம் திருப்பி, "என் அப்பா" என்றாள். ஒழுக்கு அண்ணன் எழுந்து நின்றார். வேற்று நாட்டுக்காரரிடம் வேற்று மொழியில் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்த வேற்று மொழி ஒன்றே ஒன்றுதான்.

"சேச்சீ, சுகமல்லே? ஒந்நும் பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் நலம் விசாரித்துத் தைரியமும் சொன்னார்.

லிண்டா மகிழ்ச்சியாகக் கை அசைத்தார்.

நான் நடுவில் புகுந்து, மதகு விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். அணையை உடைக்காமல் நடுவே வழி மட்டும் திறக்க வேண்டும், எப்படி? லிண்டா ஒரு விரலை உயர்த்திவிட்டு வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் பழைய நீளக் காலுறைகள் நாலைந்தும், ஐஸ் கரைக்கிற உப்பு மூட்டை ஒன்றும். சமையல் உப்பில்லை, வேறு வகை. அதைக் காலுறைக்குள் நிரப்பி, கம்பால் தூக்கி, ஐஸ் வரப்பின் மேல் குறுக்காகப் படுக்கப் போட வேண்டும். உப்பு மெல்லக் கரைத்துக்கொண்டே இறங்கி, வாய்க்கால் மாதிரி வழி விடும்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அண்ணன் சிறிது நேரம் லிண்டாவையே பார்த்தார். "இந்தம்மாவுக்குத் தொழில் தெரியுது" என்றார். அவர் இன்னொருவரைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கூரை ஓரத்தில் ஐந்து கால்கள் தொங்குகிற மாதிரி காலுறைகளைப் போட்டார்கள். மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் அடித்தது. கவிதா கூரை ஓரத்தைக் காட்டினாள். ஐஸ் வரப்பில் ஐந்து இடத்தில் பிளவு. ஒவ்வொன்றின் வழியாகவும் தண்ணீர் வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளே போய்க் கிண்ணத்தைக் காட்டினாள். உள்ளே சொட்டு நின்றிருந்தது.

பேச்சியக்கா கும்பிட்டார். நான் கை தட்டினேன். அண்ணன், "இன்னும் முடியல" என்றார். "மாப்பிள்ளை, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு முழுக் கூரையவும் காட்டுங்க."

காட்டினான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இடது பக்கம், ஒரு பாய் அளவுக்குப் பனியே இல்லை. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"அந்த இடத்துக்கு மட்டும் என்ன கொள்ளை? ஏலக்காய் ஸ்டோர்ல பாத்திருக்கேன். எங்கன சூடு கசியுதோ, அந்தத் தகரத்துல மட்டும் காலையில பனி நிக்காது. அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"பாத்ரூம் மாமா."

"பாத்ரூம்ல?"

"ஆவி போறதுக்கு ஒரு ஃபேன் இருக்கு."

"அந்த ஆவி எங்கன போகுது?"

"வெளிய போயிரும் மாமா. குழாய் இருக்கு."

"நீங்க பாத்தீகளா?"

பிரபு பார்த்ததில்லை. அலமாரிக்கு மேலே ஒரு சிறிய கதவு, அதன் வழியாகக் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே உள்ள பரணுக்குப் போகலாம். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் போன். உள்ளே மரக்கட்டைகளுக்கு நடுவே, குளிர் காக்கிற பஞ்சு பரப்பியிருந்தது. அண்ணன் இங்கிருந்து ஒவ்வொரு அடியாக நடத்தினார். "கட்டை மேலயே காலை வைங்க. பஞ்சுல வச்சீகன்னா நேரா பிள்ளை ரூம்ல போய் இறங்குவீக."

டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. ஃபேனின் குழாய் கழன்று, பரண் நடுவே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. குளியலறைச் சூடெல்லாம் கூரைக்கு அடியிலேயே போய்க்கொண்டிருந்தது.

"ஆத்தா" என்றார் அண்ணன், மகளிடம். "ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் அந்த ஃபேன் ஓடும்?"

கவிதா தயங்கினாள். "அம்மாதான்ப்பா... பிள்ளைக்கு ரெண்டு வேளை வெந்நி ஊத்து, பிள்ளை பெத்த ஒடம்பு, நீயும் நல்லா ஆவி பறக்கக் குளின்னு..."

ஒழுக்கு அண்ணன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி. அதை அவர் வீணாக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன பாக்குறீக? மெத்தைக்குப் பதில் சொல்லுங்க" என்றார் பேச்சியக்கா. வெற்றியின் ஆயுள் அவ்வளவுதான்.

பிரபு குழாயை மாட்டி, வளையம் போட்டு இறுக்கி, சுற்றிலும் தகடு நாடா ஒட்டினான். பரண் கதவின் இடுக்குகளையும் அடைத்தான். அடுத்த வாரம் மறுபடி பனி கொட்டியது. அந்தத் தெருவில் எல்லாக் கூரை ஓரத்திலும் ஈட்டிகள் முளைத்தன. கவிதா வீட்டுக் கூரை மட்டும் ஓரம் முதல் உச்சி வரை ஒரே சீராக, வெளுத்த வேட்டி விரித்த மாதிரி கிடந்தது. அந்தப் படத்தை அண்ணன் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, சொன்னபடி கூரை வேலைக்காரர் வந்தார். பரணில் ஏறி இறங்கினார். வெளியே போய்க் கூரையைப் பார்த்தார். "இதைக் கண்டுபிடித்தது யார்?" என்றார். "என் அப்பா" என்றாள் கவிதா. "எந்தக் கம்பெனியில் இருக்கிறார்?" என்றார் அவர். "கம்பத்தில் இருக்கிறார்" என்றாள். அப்படி ஒரு கம்பெனியை அவர் கேள்விப்பட்டதில்லையாம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று, தொப்பியைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்.

அதற்கப்புறம் லிண்டா சும்மா இருப்பாரா? அவருடைய கூரையிலும் பனி நிற்காத ஒரு வழுக்கை. அடுத்து எதிர் வீடு. அதற்கடுத்து மூலை வீடு. ஒரு மாதம் முழுக்க சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணனின் போனில் கனடாக் கூரைகள் வரிசையாக வந்து நின்றன. நான்தான் மொழிபெயர்ப்பு. லிண்டாவுக்கு மட்டும் நான் தேவைப்படவில்லை. அவர் "சேச்சீ" என்றால் தன் பெயர்தான் என்று பழகிவிட்டார். மாசி முடிவதற்குள் அண்ணன் தன் வீட்டு வாசலில் புதுப் பலகை மாட்டினார்: 'இங்கு உள்ளூர், கேரளா, கனடா கூரைகள் சரி பார்க்கப்படும்.'

கவிதா இப்போதெல்லாம் நேராக அப்பாவின் போனுக்குத்தான் கூப்பிடுகிறாள். அப்படி முதல் தடவை கூப்பிட்ட அன்று நானும் இருந்தேன். கறை மறையப் புதிதாகப் பெயிண்ட் அடித்த அறை. தொட்டில் பழைய இடத்துக்கே வந்திருந்தது. "அப்பா, உங்க பேரன் உங்களப் பாக்கணுமாம்" என்றாள். பிள்ளை போனைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அண்ணன் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

போன ஆனியில் எனக்குத் தேனிக்கு மாற்றல் வந்தது. புதுப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரமென்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டு இரண்டு பேருக்கு இடம் விட்டிருந்தார்கள். முதல் வரியில் சென்னையில் வேலை பார்க்கும் என் கணவரின் எண். இரண்டாவது வரியில், யோசிக்காமலே மனப்பாடமாக வந்த ஓர் எண்ணை எழுதினேன். அதற்கு நேரே, உறவுமுறை என்று கேட்டிருந்த கட்டத்தில், கூடப் பிறந்தவர்கள் யாருமில்லாத நான் 'அண்ணன்' என்று நிரப்பிக் கொடுத்தேன்.